ஓட்டத்துக்கு எந்தப் பந்தியில் இலை போடுவது?

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் ஓட வருகிறவர்களும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரும் வழியில் நிறுத்தி நிறுத்திக் கேட்பதையெல்லாம் இந்த மாதம் தாளில் எழுதித் தரச் சொன்னேன். முப்பத்தொரு வருஷம் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். இளவயதில் 800 மீட்டர் ஓடியவன். தாள்களைப் பிரித்துப் பார்த்தால், பதினொரு வயசுப் பிள்ளையின் அம்மாவும் அறுபத்தெட்டு வயசுப் பெரியவரும் கேட்டிருப்பது ஒன்றுதான். போட்டி ஓட்டத்தை வீட்டில் முதல் பந்தியில் உட்கார வைப்பதா, அடுத்த பந்திக்குக் காத்திருக்கச் சொல்வதா?

திருநகரிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு 11 வயசு சார். குறுவட்டப் போட்டியில 100, 200 ரெண்டுலயும் முதலிடம். கோ-கோவை நிறுத்திட்டு காலையும் சாயங்காலமும் ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்றாங்க. அனுப்பலாமா?

கோ-கோவை நிறுத்தாதீர்கள் அம்மா. பெண்பிள்ளைகள் மளமளவென்று வளர்வது பெரும்பாலும் 10 வயதுக்கும் 13 வயதுக்கும் நடுவில். அந்த வளர்த்தி ஒரு வருஷம் முந்தி வந்த பிள்ளைக்குக் கால் நீளமும் பலமும் முந்திக் கிடைத்துவிடும், முன்னால் ஓடும். மற்ற பிள்ளைகளும் வளர்ந்து எட்டிப் பிடிக்கும்போது, "நான் மெதுவாயிட்டேன்" என்று நினைத்து அழுது மைதானத்தையே விட்டுப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். ஜூனியர் பிரிவில் கோப்பை வாங்கியவர்கள் பெயரையும், பிளஸ் டூ வயசுப் பிள்ளைகள் ஓடும் சூப்பர் சீனியரில் வாங்கியவர்கள் பெயரையும் என் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரே பெயர் இரண்டிலும் வந்தது அபூர்வம்.

கோ-கோவில் குனிந்து எழுந்து பாய்வது, ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று திரும்புவது, எதிராளியின் காலைப் பார்த்து முடிவெடுப்பது எல்லாம் சேர்ந்து வரும். அதை வேறு எந்தப் பயிற்சியிலும் இவ்வளவு சுலபமாகக் கொடுக்க முடியாது. வாரத்தில் மூன்று நாள் ஓட்டம் போதும். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்று சொன்னால் அந்த மூன்று நாளையும் குறையுங்கள். வளரும் எலும்பில் தசைநார் இழுப்பதால் வருகிற வலி அது.

நம்ம சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைப் பாருங்கள். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடியவர். பெற்றோரை இழந்து, கூலி வேலை பார்த்த பாட்டியிடம் வளர்ந்தவர். வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்த அவர் பள்ளி மேல்வகுப்பில் இருந்தபோதுதான் பயிற்சியாளர் கண்ணன் கண்ணில் பட்டார். உங்கள் மகளுக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது.

கூடல்நகர், ஒரு அப்பா: என் பையனுக்கு 9 வயசு. நிக்காம 10 கிலோமீட்டர் ஓடுறான். மாரத்தான்ல சேர்க்கலாமா?

வேண்டாம். அவன் ஓட ஆசைப்படுகிற அளவு ஓடட்டும். நீங்கள் வாட்ச்சைப் பார்க்காதீர்கள்.

உசிலம்பட்டி பக்கம், பிளஸ் டூ மாணவன்: 800 மீட்டர் 1 நிமிஷம் 58 விநாடி ஓடுறேன் சார். ஸ்டேட் மீட் போயிருக்கேன். பரீட்சை முடியுற வரைக்கும் மைதானத்துப் பக்கமே போகக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு.

தம்பி, உன் வயசில் 1.58 நல்ல டைமிங். அது எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஸ்ரீராம் சிங் ஓடியது 1.45.77. அந்த இந்திய சாதனை 42 வருஷம் நின்று, 2018-ல்தான் ஜின்சன் ஜான்சன் அதை முறியடித்தார். ஸ்ரீராம் சிங் கோட்டைத் தொடும்போது நீ எண்பது மீட்டருக்கும் மேல் பின்னால் இருப்பாய். உன்னைச் சோர்வாக்க இதைச் சொல்லவில்லை. அந்த எண்பது மீட்டரைச் சுருக்குவதற்கான காலம் இப்போது தொடங்கி இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது வரைதான். ஓட்டத்துக்கு முதல் பந்தியில் இலை போட வேண்டிய வயசு இது. நான் மனசாரச் சொல்கிறேன்.

ஆனால் அப்பாவிடம் வாதாடாதே, கணக்கோடு போ. முழுசாக நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்திலேயே மூச்சுத் திறன் இறங்க ஆரம்பிக்கும். ஓடுகிற தூரத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாலும், வேகத்தைக் குறைக்காமல் இருந்தால் பெரும்பகுதி தாங்கும். ஆகவே பிப்ரவரி, மார்ச்சில் வாரம் மூன்று நாள், நாளுக்கு நாற்பது நிமிஷம். ஒரு நாள் 300 மீட்டர் நாலு, நல்ல வேகத்தில், நடுவில் தாராளமாக ஓய்வு. மற்ற இரண்டு நாள் மெதுவான ஓட்டம். ராத்திரி எட்டு மணி நேரத் தூக்கத்தில் கை வைக்காதே. பன்னிரண்டு மணி வரை படித்துவிட்டு நாலரைக்கு எழுந்து ஓடினால் இரண்டும் கெடும்.

வேலை விஷயத்தையும் அப்பாவிடம் உள்ளபடி சொல். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருப்பது நிஜம். அது தேசிய, சர்வதேச அளவில் சாதித்தவர்களுக்கானது. குறுவட்டச் சான்றிதழை லேமினேஷன் செய்து வைத்திருப்பதால் வேலை வராது. அதனால் ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். இருபது வயது முடியும் நாள் என்று வையுங்கள். அதற்குள் 1.52-க்குப் பக்கத்தில் வந்தால் இன்னும் மூன்று வருஷம் முதல் பந்தி. வராவிட்டால் ஓட்டம் இருக்கும், ஆனால் படிப்புக்கும் வேலைக்கும் அடுத்து. இந்தத் தேதியை இரண்டு பேரும் சேர்ந்து இன்றே குறித்துவிட்டால் தினமும் சாப்பாட்டு நேரத்தில் சண்டை வராது. அப்பா சம்மதித்தால் அவரோடு பேச நானே ஊருக்கு வருகிறேன்.

மேலூர், 20 வயது இளைஞர்: ராணுவத்துக்கும் போலீஸுக்கும் தயாராகிறேன். ஓட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?

இதைப் போட்டி ஓட்டமாக நினைக்காதே. பரீட்சைத் தாளில் ஒரு பாடம் இது. அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிஷம் 30 விநாடிக்குள் ஓடினால் முழு மதிப்பெண். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிஷம். ஆறு மாதம், வாரம் ஐந்து நாள் போதும். அறிவிப்பு வந்த மறுநாளே தார் ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் ஓடி, முன்னங்கால் எலும்பு வலியோடு தேர்வுக்குப் போகிற பையன்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். நுரையீரல் ஒரு மாதத்தில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக அதைவிட ரொம்ப நாள் ஆகும். கண்மாய்க் கரை மண்ணில் ஓடு.

வாடிப்பட்டி பக்கம், உடற்கல்வி ஆசிரியை: 1500 மீட்டர் ஓடும் 15 வயது மாணவி. எடை குறைந்திருக்கிறது, நாலு மாசமாக மாதவிடாய் வரவில்லை. மாவட்டப் போட்டி அடுத்த மாதம். டைமிங் நன்றாகத்தான் இருக்கிறது. ஓட விடலாமா?

ஓட விடாதீர்கள் டீச்சர். முதலில் அவள் அம்மாவை வரவழைத்துப் பேசுங்கள், பிறகு அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் என்னிடம் இப்படியே ஒரு பிள்ளை ஓடினாள். காலையில் வெறும் டீ, மத்தியானம் சத்துணவு, சாயங்காலம் என் பயிற்சி. மாதவிடாய் நின்றுவிட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். நிறைய ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும், நல்லதுதான் என்று சொல்லி அனுப்பினேன். முன்னங்கால் வலிக்கிறது என்றபோது எண்ணெய் தேய்க்கச் சொன்னேன். மண்டலப் போட்டியில் மூன்றாவது சுற்றில் உட்கார்ந்துவிட்டாள். எலும்பில் விரிசல். அதற்குப் பிறகு அவள் ஓடவே இல்லை. அவளிடம் நேரில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். கேட்டதனால் அந்தக் கால் திரும்ப வரவில்லை.

ஓடுவதற்குச் செலவாகிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உடம்பு மற்ற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திச் சேமிக்கும். மாதவிடாய் நிற்பது அதன் அடையாளம். அதோடு எலும்பு கெட்டிப்படுவதும் தடைபடும். வாழ்நாளுக்கு வேண்டிய எலும்பு பலத்தில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்தாக வேண்டும். டைமிங் நன்றாக இருப்பதை நம்பாதீர்கள். எடை குறைந்ததும் கொஞ்ச நாள் வேகம் கூடத்தான் செய்யும், பிறகு ஒரே நாளில் எல்லாம் இறங்கும். ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் அவளுக்கு இரண்டு முட்டையும் கேப்பைக் கூழும் கிடைக்க வழி உண்டா என்று பாருங்கள். முடியாத வீடு என்றால் எனக்குச் சொல்லுங்கள், மைதானத்தில் நாங்கள் நாலைந்து பேர் பார்த்துக்கொள்கிறோம். மாவட்டப் போட்டி அடுத்த வருஷமும் நடக்கும்.

இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் வேலை, 29 வயது: அரை மாரத்தான் 1 மணி 42 நிமிடம். 1.30-க்குள் வரணும். மனைவிக்கு இது ஏழாவது மாசம். நான் ஓடிக்கிட்டே இருக்கேன்னு கோபம்.

உங்கள் மனைவி சொல்வது சரி. இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு 1.30-ஐ மறந்துவிடுங்கள். உங்கள் தொலைதூர ஓட்டத் திறன் முப்பதுகளின் நடுவிலும் ஏறும். 1984 ஒலிம்பிக் மாரத்தானில் கார்லோஸ் லோப்பஸ் ஜெயித்தபோது அவருக்கு 37 வயது. 2008-ல் பெய்ஜிங்கில் கான்ஸ்டன்டினா தீத்தாவுக்கு 38. இப்போது வாரம் மூன்று நாள் முக்கால் மணி நேரம் ஓடுங்கள், அதுவும் அவரைக் கேட்டுவிட்டு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அழகர்கோவில் ரோட்டில் போய்விட்டு, வீட்டுக்கு வந்து மத்தியானம் வரை தூங்குவது இந்த நேரத்துக்கு ஆகாது.

அண்ணாநகர், 31 வயது: கல்லூரியில் 400 மீட்டர் ஓடினேன். குழந்தைக்கு 5 மாசம். மறுபடி ஓட ஆசை. "இனிமே எதுக்கு?" என்கிறார் மாமியார்.

ஆசைப்படுவதில் தப்பே இல்லை அம்மா. பி.டி. உஷா கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகு திரும்பி வந்து, 1998-ல் ஃபுகுவோகாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் பதக்கம் வாங்கினார். ஜமைக்காவின் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ் 2017-ல் பிள்ளை பெற்று, 2019-ல் தோஹாவில் 100 மீட்டர் உலகச் சாம்பியன் ஆனார். மாமியாரிடம் இந்தக் கதைகளைச் சொல்லுங்கள், கேட்பார்.

பிரசவமாகிக் குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் ஓட்டம் என்பது மருத்துவர்கள் சொல்கிற கணக்கு. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். சிசேரியன் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஓடும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசிந்தால் வெட்கப்படாமல் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். அடியிடுப்புத் தசைக்குப் பயிற்சி உண்டு, சரியாகும். அரைமணி நடை, நடுவில் ஒரு நிமிஷ ஓட்டம் என்று ஆரம்பியுங்கள். பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் உடம்புக்குச் சுகமாக இருக்கும்.

காலை ஐந்தரைக்குக் குழந்தையை யார் கையில் வைத்திருப்பது என்பதை உங்கள் கணவர் எழுதித் தர வேண்டும். வாரம் மூன்று நாள் அவர். அது முடிவானால் மற்றதெல்லாம் நடக்கும். அதை முடிவு செய்யாமல் ஆரம்பித்துப் பத்தே நாளில் நிறுத்திய பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஆண்கள் ஓடக் கிளம்பும்போது இந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை என்பது எனக்கு ரொம்ப நாளாக வருத்தம்.

தெற்கு மாசி வீதி, ஜவுளி வியாபாரி, 46 வயது: சர்க்கரை இருக்கு, மாத்திரை சாப்பிடுறேன். எட்டு மாசமா ஓடுறேன். ஜனவரியில சென்னையில முழு மாரத்தான், நாலு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்.

அண்ணாச்சி, ஜனவரி மாரத்தானுக்கு நீண்ட ஓட்டங்கள் வர வேண்டிய மாதங்கள் அக்டோபரும் நவம்பரும். உங்களுக்கு அது தீபாவளி வியாபாரம். பன்னிரண்டு மணி நேரம் கடையில் நின்ற காலோடு அதிகாலையில் 30 கிலோமீட்டர் ஓடினால் ஏதாவது ஒன்று கிழியும். ஜனவரியில் அரை மாரத்தான் ஓடுங்கள், டைமிங் பார்க்காமல். முழு மாரத்தானுக்கு அதற்கடுத்த வருஷம் யோசிப்போம்.

அதற்கு முன்னால் இசிஜி, டிரெட்மில் பரிசோதனை இரண்டும் எடுத்துவிடுங்கள். சில சர்க்கரை மாத்திரைகளோடு நீண்ட தூரம் ஓடினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். எந்த மாத்திரை என்று டாக்டரிடம் காட்டுங்கள், பையில் எப்போதும் நாலு தேன்மிட்டாய் வைத்திருங்கள். உங்களுக்கு ஓட்டம் மருந்து. ஒருநாளும் விடக்கூடாது. போட்டி இரண்டாம் பந்தியில் இருக்கட்டும்.

கோச்சடை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், 68 வயது: மாஸ்டர்ஸ் தடகளத்தில் 5000 மீட்டர் ஓடுகிறேன். வெளியூர்ப் போட்டிகளுக்குப் போனால் "இந்த வயசில் எதற்கு" என்று பிள்ளைகள் கோபப்படுகிறார்கள்.

போங்கள் அய்யா. பிள்ளைகள் படித்துவிட்டார்கள், பென்ஷன் வருகிறது, காலை நேரம் உங்களுடையது. வாழ்க்கையில் இரண்டாவது முறையாக ஓட்டத்துக்கு முதல் பந்தி கிடைப்பது இப்போதுதான். மாஸ்டர்ஸ் தடகளத்தில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து வருஷப் பிரிவு. எழுபது ஆனதும் அந்தப் பிரிவில் நீங்கள்தான் இளைஞர். கனடாவில் வாழ்ந்த எட் விட்லாக் 2004-ல் தன் 73-வது வயதில் 2 மணி 54 நிமிஷம் 48 விநாடியில் மாரத்தான் முடித்தார். அவர் பயிற்சி பெரும்பாலும் வீட்டுப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஓடியதுதான்.

பிள்ளைகளின் கோபம் பயத்தில் வருவது. வருஷத்துக்கு ஒருமுறை இதயப் பரிசோதனை எடுத்து அவர்களுக்கும் அனுப்புங்கள். வாரம் இரண்டு நாள் காலுக்கும் இடுப்புக்கும் பலப் பயிற்சி செய்யுங்கள். இந்த வயசில் தசை ஓட்டத்தால் மட்டும் நிற்காது, விழுந்தால் எலும்பு தாங்காது. ஏப்ரல், மே வெயிலில் ஆறரைக்கு மேல் டிராக்கில் நிற்காதீர்கள். அடுத்த வெளியூர்ப் போட்டிக்கு வீட்டம்மாவையும் கூட்டிப் போங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி, தாளின் ஓரத்தில்: சார், நீங்க ஏன் 800 மீட்டரை நிறுத்துனீங்க?

இருபத்தாறு வயசில் அப்பா படுத்துவிட்டார் பாப்பா. மூன்று தங்கைகள். முதல் பந்தியில் அவர்களை உட்கார வைத்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஐம்பத்தெட்டில் திரும்ப ஆரம்பித்தேன். செவ்வாயும் வெள்ளியும் 200 மீட்டர் எட்டு ஓடுகிறேன், இங்கேயே, ஐந்தேகாலுக்கு. நீயும் வா. உன் ஓட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.