கடைத்தெருவில் வங்கிக் கிளைகள் பெருகினால் கலகலப்பு குறையுமா?
குறையும், ஆனால் வங்கி என்பதாலேயே அல்ல. அது எவ்வளவு நீள முகப்பை அடைத்துக்கொள்கிறது, எத்தனை மணிக்குக் கதவைச் சாத்துகிறது என்பதில்தான் விஷயம். மற்ற கடைகளில் ராத்திரி வரை வெளிச்சமும் ஆளுமாக இருக்கும்போது வங்கி சாயங்காலமே ஷட்டரை இறக்கிவிடும், கண்ணாடி முழுக்க விளம்பரம், நின்று வேடிக்கை பார்க்க ஒன்றும் இருக்காது. மூலைக் கட்டடமும் அதன் கைக்குப் போனால் கேட்கவே வேண்டாம். அதிக வாடகை, நீண்ட குத்தகை என்றால் கட்டட உரிமையாளர் வேறு யாருக்குக் கொடுப்பார்?

நியூயார்க்கின் அப்பர் வெஸ்ட் சைடு என்ற பகுதியில் 2012இல் சில சாலைகளில் வங்கியின் தரைத்தள முகப்பு 25 அடிக்கு மேல் போகக்கூடாது என்று விதி போட்டார்கள். சரியான யோசனை, ஏனென்றால் வங்கியே வேண்டாம் என்று சொல்லாமல் முகப்பின் நீளத்துக்கு மட்டும் வரம்பு வைத்தார்கள். ஒரு கிளை இருப்பது நல்லதுதான், பணம் எடுக்க வருபவர் அப்படியே பக்கத்துக் கடைக்கும் போவார்.