டொமைன் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்து சிறிய வெப் டிசைன் ஸ்டுடியோ நடத்துகிறோம். டிசைன் நான், கோடிங் அவர். தொடங்கிய காலத்தில் ஹோஸ்டிங் கொடுத்தவரே எங்கள் டாட் காம் டொமைனையும் வாங்கித் தந்தார். வருடா வருடம் அவரிடமே பணம் கட்டுகிறோம். இப்போது வேறு இடத்துக்கு மாற்றக் கேட்டால், "ஹோஸ்டிங் பாக்கியைத் தீர்த்து, ரிலீஸ் கட்டணமும் கட்டினால்தான் டொமைனை மாற்றத் தேவையான ரகசியக் கோடு தருவேன்" என்கிறார். இன்னும் ஏழு வாரத்தில் டொமைன் காலாவதியாகிறது. பெயர் கைவிட்டுப் போய்விடுமா?

பதில்: அவ்வளவு சுலபமாகப் போகாது. பயந்துபோய் அவர் கேட்ட தொகையைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பதிவில் உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

டாட் காம் போன்ற பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் உங்கள் டொமைனை அடித்துப் பாருங்கள். உரிமையாளர் விவரம் 2018க்குப் பிறகு பெரும்பாலும் மறைக்கப்பட்டே வருகிறது. ஆனால் ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) யார், காலாவதி எப்போது என்பவை தெரியும். ஸ்டேட்டஸில் 'கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொகிபிட்டட்' என்று இருந்தால் பதறாதீர்கள். யாரும் திருடிக்கொண்டு போகாமலிருக்க வழக்கமாகப் போடும் பூட்டு அது. ரெஜிஸ்ட்ரார் என்ற வரியில் நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனம் இருக்கலாம். உண்மையில் உங்கள் டொமைன் இருப்பது அங்கேதான். உங்களிடம் பணம் வாங்குகிறவர் நடுவில் நிற்கும் ரீசெல்லர், அவ்வளவுதான்.

அப்புறம் உங்கள் இருவருடைய மெயிலிலும், ஸ்பேம் உட்பட, தேடுங்கள். பதிவு விவரங்கள் சரியா என்று பார்க்கச் சொல்லி ரெஜிஸ்ட்ரார் ஆண்டுக்கு ஒரு முறை உரிமையாளருக்கு மெயில் அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த மெயில் உங்களுக்கு வந்திருந்தால் அநேகமாக உரிமையாளர் நீங்கள்தான். ஒரு தடவைகூட வந்ததில்லை என்றால் அவர் தன் பெயரைப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

உங்கள் பெயரில் இருந்தால் விதி உங்கள் பக்கம். உரிமையாளர் கேட்டால் ரெஜிஸ்ட்ரார் 5 நாளுக்குள் டிரான்ஸ்ஃபர் கோடு கொடுத்தாக வேண்டும். டொமைன் கட்டணமே பாக்கி என்றால் மறுக்கலாம். ஹோஸ்டிங் பாக்கி அதற்குக் காரணம் ஆகாது, அது தனிக் கணக்கு. 'ரிலீஸ் கட்டணம்' என்பது சும்மா மிரட்டிப் பார்ப்பது. ரீசெல்லரோடு மல்லுக்கட்டாமல் ரெஜிஸ்ட்ராருக்கு நேரடியாக எழுதுங்கள். நீங்கள் கட்டிய ரசீதுகளையும் இணையுங்கள். "உங்கள் ரீசெல்லரை அணுகவும்" என்று ஒரு அச்சடித்த பதில் வரும். இது எல்லா இடத்திலும் நடக்கிற கூத்து. தங்கள் ரீசெல்லர் விதிப்படி நடக்கிறாரா என்பதற்கு ரெஜிஸ்ட்ராரே பொறுப்பு என்று அவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆனால் சப்போர்ட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அதை நாம்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அசையவில்லை என்றால் ஐகேனில் டிரான்ஸ்ஃபர் புகார் படிவம் உண்டு. அவர்கள் டொமைனை எடுத்து உங்கள் கையில் தர மாட்டார்கள், ரெஜிஸ்ட்ராரைக் கேள்வி கேட்பார்கள். நேரமும் பிடிக்கும். ஆனாலும் புகார் எண் ஒன்று கையில் இருந்தால் மெயிலுக்கு வரும் பதிலின் தொனி மாறும்.

அவர் பெயரில் இருந்தால்? வீட்டுக்குப் பணம் கொடுத்தது நீங்கள், பத்திரம் புரோக்கர் பெயரில் என்ற கதைதான். பேசித்தான் வாங்க வேண்டும். பெயர் மாற்றத்தை உறுதி செய்யும் மெயில் வந்த பிறகே மொத்தப் பணமும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டொமைன் தகராறுக்கான யுடிஆர்பி வழக்குப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அது டிரேட்மார்க்கைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களுக்கானது. அந்த வழக்குகளை எடுத்து நடத்தும் வைப்போ அமைப்பில் ஒரு டொமைனுக்குக் கட்டணமே 1,500 டாலர். பில் தகராறுக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இங்கே ஒரு சிக்கல், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உரிமையாளரின் பெயரையோ நிறுவனத்தையோ மெயிலையோ மாற்றினால், அதற்குப் பிறகு 60 நாளுக்கு வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாதபடி பூட்டு விழும். சில ரெஜிஸ்ட்ரார்கள் இது வேண்டாம் என்று சொல்ல வசதி தருவார்கள், ஆனால் மாற்றுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். உங்களுக்கு இருப்பது ஏழு வாரம், அதாவது 49 நாள். எனவே பழைய மெயில் முகவரியைச் சரி செய்வோமே என்று ஆர்வத்தில் இன்று கை வைத்தால், காலாவதி தேதி தாண்டித்தான் பூட்டு திறக்கும். உங்கள் பெயரில் இருந்தால் முதலில் டிரான்ஸ்ஃபர், பிறகு திருத்தம். டிரான்ஸ்ஃபரோடு ஒரு வருடப் புதுப்பிப்பும் சேர்ந்தே வந்துவிடும். அவர் பெயரில் இருந்தால் வேறு வழியில்லை, பெயர் மாற்றம்தான் முதலில். அப்போது பூட்டைப் பற்றிக் கவலைப்படாமல் அதே ரெஜிஸ்ட்ராரிடம் ஒரு வருடம் புதுப்பித்துவிடுங்கள். பூட்டு புதுப்பிப்பைத் தடுக்காது. முடிந்தால் அதே ரெஜிஸ்ட்ராரில் நீங்களே ஒரு கணக்குத் தொடங்கி, டொமைனை அந்தக் கணக்குக்குத் தள்ளச் சொல்லுங்கள். இந்தப் பூட்டு அதற்குக் குறுக்கே வராது.

காலாவதி ஆனபின் சலுகை நாட்கள் உண்டு, அதை நம்பி இருக்கலாம் என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். அது ரெஜிஸ்ட்ராருக்கு ரெஜிஸ்ட்ரார் மாறும். சிலர் அந்த நாட்களிலேயே ஏலத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

கோபக் கடிதம் அனுப்புமுன் இன்னொரு வேலை. டொமைனைத் தேடி வருபவரை எங்கே அனுப்புவது என்று சொல்லும் நேம்சர்வர் அவரிடம் இருக்கிறது என்றால் சைட்டும் மெயிலும் அவர் கையில்தான். சைட், டேட்டாபேஸ், மெயில்பெட்டி, அந்த நேம்சர்வரில் இருக்கும் டிஎன்எஸ் பதிவுகள் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்த பிறகே கடிதம்.

"டொமைனை மீட்டுத் தருகிறோம்" என்று வருகிற நிபுணர்களிடம் லாகின் விவரம் கொடுத்துவிடாதீர்கள். வெளியிலிருந்து கோடு எடுக்கும் வித்தை எதுவும் கிடையாது. நீங்கள் எழுத வேண்டிய அதே மெயிலைத்தான் பணம் வாங்கிக்கொண்டு அவர்களும் எழுதுவார்கள். பில் மாதிரியே அச்சடித்த புதுப்பிப்புக் கடிதங்கள் வேறு வரும். நன்றாகப் படித்தால், டொமைனைத் தங்களிடம் மாற்றிக்கொள்ளச் சொல்லும் விண்ணப்பம் என்பது தெரியும்.

டொமைன் கைக்கு வந்ததும் உரிமையாளர் மெயிலாக அதே டொமைனில் இருக்கும் முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் அந்த மெயிலும் நிற்கும், மீட்கும் லிங்க் எங்கே வந்து சேரும்? கணக்கு உங்கள் கணவரின் போனில் வரும் ஓடிபியோடு மட்டும் கட்டப்பட்டிருந்தால், பேக்கப் கோடுகளை எடுத்து நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு வாரம் உடம்பு முடியவில்லை என்றாலும் ஸ்டுடியோ ஓட வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். உங்கள் கிளையன்டுகளின் டொமைன்கள் யார் கணக்கில் இருக்கின்றன? "அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம்" என்று பல ஸ்டுடியோக்கள் தங்கள் பெயரிலேயே வாங்கி வைத்திருக்கின்றன. உங்களிடமும் அப்படி இருந்தால், அடுத்த புதுப்பிப்பு வருவதற்குள் ஒவ்வொன்றையும் அவரவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள். கட்டணம் எதுவும் கேட்காமல்.