ஆலையின் அசல் கழிவுநீரைக் கொடுங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே மாங்கூழ் ஆலை நடத்துகிறோம். கழிவுநீரைச் சவ்வு முறையில் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த, பக்கத்துப் பொறியியல் கல்லூரியோடு சேர்ந்து ஆய்வு செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– ஆலை உரிமையாளர், பர்கூர்

பதில்: ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே உங்கள் கழிவுநீரைக் கேனில் பிடித்துப் பேராசிரியருக்குக் கொடுத்தனுப்புங்கள் ஐயா. ஆய்வகத்தில் உப்பைக் கரைத்து வைத்துக்கொண்டு சோதித்தால் ஏறக்குறைய எல்லாச் சவ்வும் தேறிவிடும். உங்கள் நீரில் சர்க்கரை, பழத்தின் பசைப்பொருளான பெக்டின், நார்த்துகள் எல்லாம் இருக்கின்றன. தொட்டியும் தரையும் கழுவிய காஸ்டிக் சோடாவும் குளோரினும் அதில் சேர்கின்றன. பெக்டின் சவ்வின்மேல் பசையாகப் படிந்து நீர்வரத்தைக் குறைக்கும். குளோரின் இன்னும் மோசம், அழுத்தம் கொடுத்து நீரைச் சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. கருவிகளில் பெரும்பாலும் இருக்கும் பாலிஅமைடு என்ற செயற்கைப் பொருளாலான சவ்வையே அரித்துவிடும்.

பெங்களூரா மாம்பழ வரத்து தொடங்கும்போது ஒரு முறை, உச்சத்தில் ஒரு முறை, பருவம் முடியும்போது ஒரு முறை நீர் எடுங்கள். மூன்றும் ஒன்றுபோல் இருக்காது. உள்ளங்கை அளவுச் சவ்வுத் துண்டில் அந்த நீரை மணிக்கணக்கில் ஓட்டி, நீர்வரத்து எப்படிக் குறைகிறது, கழுவிய பின் எவ்வளவு மீள்கிறது என்று மாணவர்கள் குறித்துத் தரட்டும். எவ்வளவு உப்பு நீங்கியது என்ற கணக்கைவிட எனக்கு இந்தக் கணக்குத்தான் பெரிது. சவ்வை எத்தனை நாளில் மாற்ற வேண்டியிருக்கும் என்பதை அதுதான் காட்டும்.

நேரடியாக ஆர்.ஓ.வுக்குள் விட்டுவிடாதீர்கள். முதலில் நுண்ணுயிரிகளைக் கொண்டு கரிமச் சுமையை, அதாவது நீரிலுள்ள சர்க்கரை போன்ற பழப்பொருள்களை, குறைக்க வேண்டும். அதன்பின் ஆர்.ஓ.வைவிடப் பெரிய துளையுள்ள சவ்வில் வடிக்கும் அல்ட்ரா வடிகட்டல், கடைசியில் ஆர்.ஓ. நூறு லிட்டரில் எழுபது நல்ல நீராக வந்தால், மீதி முப்பதில் அத்தனை உப்பும் திரண்டு நிற்கும். அது எங்கே போகும் என்பதையும் ஆய்வின் தொடக்கத்திலேயே கேளுங்கள். உங்கள் ஆலைக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. பருவம் முடிந்ததும் கருவி மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். சோடியம் பைசல்பைட் கரைசலில் ஊறவைக்காவிட்டால் சவ்வில் கிருமி வளர்ந்துவிடும். எந்தப் பாடப்புத்தகத்தையும்விட உங்கள் ஆலை இதை மாணவர்களுக்கு நன்றாகக் கற்றுக்கொடுக்கும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் லோப், சௌரிராஜன் இருவரும் 1960 வாக்கில் உருவாக்கிய செல்லுலோஸ் அசிடேட் சவ்வுதான் ஆர்.ஓ.வை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தார் 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூருக்கே கருவியைக் கொண்டுபோய், அந்த ஊர் உவர்நீரில் ஓட்டிக் காட்டினார்கள். நம் கல்லூரிகளும் அப்படி ஆலை வாசலுக்கு வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

கேள்வி: எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் ஃபுளோரைடு அதிகம் என்கிறார்கள். காய்ச்சிக் குடித்தால் போதுமா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: போதாதம்மா. காய்ச்சினால் நீர் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே தங்கி இன்னும் செறிவாகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதலில் கிணற்று நீரைச் சோதியுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி. ஆர்.ஓ. ஃபுளோரைடைக் குறைக்கும். ஆனால் அது வெளியேற்றும் நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கும். அதில் சமைக்கவோ மாட்டுக்கு வைக்கவோ வேண்டாம்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் உதவியோடு இறுதியாண்டில் புதுச் சவ்வு செய்கிறோம். காப்புரிமை யாருக்குச் சேரும்?
– மாணவர், தருமபுரி

பதில்: எழுதி வைத்தபடி சேரும். ஆகவே இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். இன்றைய பாலிஅமைடு ஆர்.ஓ. சவ்வை உருவாக்கிய ஜான் கடோட், அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தில் இயங்கிய ஆய்வு நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். பிறகு நண்பர்களுடன் ஃபிலிம்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். காப்புரிமை 1981-இல் கிடைத்தது. 1992-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், கண்டுபிடிப்பு அரசு ஒப்பந்தக் காலத்திலேயே உருவானதால் அதன் உரிமை அரசுக்கே என்று தீர்ப்பளித்தது.

ஆய்வேட்டில் தேதியிட்டுக் குறிப்பெழுதி, வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்குங்கள். கருத்தரங்கில் படிப்பதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். யார் பெயர் வரும், யார் செலவு செய்வார், ஆய்வுக் கட்டுரையை எப்போது வெளியிடலாம் என்ற மூன்றையும் கல்லூரி முதல்வரும் நிறுவனத்தாரும் கையெழுத்திட்ட தாளில் வாங்கிய பிறகே சவ்வுத் துண்டை அவர்களுக்கு அனுப்புங்கள்.