செப்டம்பர் 16-இல் பிறந்த தொலைக்காட்சி

கேள்வி: ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியின் பிறந்த நாளாக 1956 செப்டம்பர் 16-ஐக் குறிப்பிடுகிறார்களே, அதற்கு முன் அங்கே ஒளிபரப்பே இல்லையா?

பதில்: பிரிஸ்பேனில் 1930-களிலேயே சோதனை ஒளிபரப்புகள் நடந்ததுண்டு. ஆயினும், சிட்னியின் டி.சி.என்.-9 நிலையத்தில் புரூஸ் ஜின்ஜெல் திரையில் தோன்றி நேயர்களைத் தொலைக்காட்சிக்கு வரவேற்ற அந்த இரவையே முறையான தொடக்கமாகக் கொள்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆண்டு விழாக்களில் தவறாமல் காட்டப்படும் அந்த வரவேற்புக் காட்சி அன்றைய பதிவன்று. பின்னாளில் மீண்டும் நடித்துப் படமாக்கப்பட்டது. நவம்பர் 22-இல் மெல்போர்ன் ஒலிம்பிக் தொடங்கவிருந்ததால் மற்ற நிலையங்களும் விரைந்தன: மெல்போர்னில் எச்.எஸ்.வி.-7 நவம்பர் 4-இலும், அரசு நிறுவனமான ஏ.பி.சி.யின் சிட்னி நிலையம் மறுநாளும் ஒளிபரப்பைத் தொடங்கின. முழுமையான வண்ண ஒளிபரப்பு 1975 மார்ச் 1-இல்தான் வந்தது.

இவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது 1980 அக்டோபர் 24. குடியேறிய மக்களின் பல மொழிகளிலும் நிகழ்ச்சிகளை வழங்குவதற்கென்றே ஏற்பட்ட எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி, ஐக்கிய நாடுகள் தினமான அந்நாளில்தான் சிட்னியிலும் மெல்போர்னிலும் முறையாகத் தொடங்கியது.