வீட்டு மெஷினில் கேன்வாஸ் பை: கேள்வியும் பதிலும்

பர்கூர்: கேன்வாஸ் என்று கேட்டால் காலருக்கு வைக்கிற விறைப்புத் துணியைக் காட்டுகிறார்கள் அக்கா. எப்படிக் கேட்பது?

"பை தைக்கிற காட்டன் கேன்வாஸ், 10 அவுன்ஸ்" என்று கேளுங்கள். அவுன்ஸ் என்பது ஒரு சதுர கெஜத் துணியின் எடை; சதுர மீட்டருக்குச் சுமார் 340 கிராம் வரும். 12 அவுன்ஸைத் தாண்டினால் வீட்டு மெஷின் திணறும். வாங்கியதும் கத்தரி வைக்காதீர்கள். வெந்நீரில் ஊறவைத்து உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே அளவெடுங்கள். தைத்தபின் துணி சுருங்கினால் பாலியஸ்டர் நூல் கூடவே சுருங்காது. தையல் ஓரமெல்லாம் அலை அலையாக நிற்கும்.

அரூர்: எவ்வளவு துணி வேண்டும்?

14 அங்குல அகலம், 14 உயரம், 4 அங்குல அடிப்பக்கம் உள்ள பைக்கு 19க்கு 35 அங்குலத்தில் ஒரே துண்டு. அகலத்தில் 14, அடிக்கு 4, இருபக்கத் தையலுக்கு 1. நீளத்தில் இரு முகத்துக்கு 28, அடிக்கு 4, வாய் மடிக்க ஒன்றரை ஒன்றரையாக 3. 44 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலம்) ஒரு மீட்டர் எடுங்கள். பக்கத் தையல் முடிந்ததும் கீழ் மூலையை முக்கோணமாக விரித்து, நுனியிலிருந்து 2 அங்குலம் தள்ளிக் குறுக்கே தைத்தால் அடி சதுரமாக உட்காரும்.

பாலக்கோடு: தக்காளி, காய்கறி என்று 7 கிலோ போட்டால் கைப்பிடி துணியோடு பிய்ந்து வருகிறது. ரெண்டு தடவை தைத்தும் நிற்கவில்லை.

ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப ஊசி ஓட்டினால் பலம் கூடாது; ஓட்டைகள் நெருங்கி, அந்த இடமே கிழிகிற கோடாகிவிடும். பாரத்தைப் பையின் அடிக்கு இறக்குவதுதான் சரியான வழி.

1 அங்குலக் காட்டன் நாடா 3 மீட்டர் வாங்குங்கள். பக்கம் தைக்கும் முன்பே, துணி விரிந்திருக்கும்போது, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 3 அங்குலம் விட்டு, அடிப்பக்கத்தின் நடுவில் தொடங்கி இரண்டு முகத்திலும் சுற்றி வாருங்கள். கைப்பிடி ஒவ்வொன்றுக்கும், வாய் மடியும் கோட்டிலிருந்து அளந்து, 25 அங்குலம் தொங்க விடுங்கள். தொடங்கிய இடத்தில் 2 அங்குலம் ஏற்றி முடித்தால் இணைப்பு அடியில் மறைந்துவிடும்.

மேல் ஓரத்துக்கு 4 அங்குலம் முன்பே நாடாத் தையலை நிறுத்துங்கள். பக்கத்தையும் வாயையும் மடித்துத் தைத்த பிறகு, நாடாவை வாய்மேல் படியவைத்து, சதுரமும் நடுவில் பெருக்கல் குறியுமாகத் தைக்கவேண்டும். துணியிலேயே கைப்பிடி செய்தால் நாலு மடிப்பு, வாய் மூன்று மடிப்பு, ஆக ஏழு. நாடா என்றால் மொத்தமே நாலுதான், மெஷினுக்கும் நிம்மதி.

ஓசூர்: பக்கத் தையலைத் தாண்டும்போது ஊசி உடைகிறது. அடியில் நூல் கொத்தாகச் சுற்றுகிறது.

இரண்டும் வேறு வேறு கோளாறு. 14 நம்பர் ஊசியைக் கழற்றிவிட்டு 16 போடுங்கள், தடிப்பாக இருந்தால் 18. தையல் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர். தையல் மேடு வந்ததும் பிரஷர் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், துணி நகராது. அப்போது கையால் இழுத்தால் ஊசி வளைந்து பிளேட்டில் மோதி முறிகிறது. ஃபுட்டின் பின்பக்கம் அதே தடிப்பில் துணியை மடித்து வைத்து மட்டமாக்கி, மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்துவிடுங்கள். மேட்டை முன்பே சுத்தியலால் தட்டிவைத்தால் இன்னும் சுலபம்.

அடியில் கொத்து விழுந்தால் எல்லோரும் பாபினைத்தான் (அடிநூல் சுற்றிய உருளை) நோண்டுவார்கள். பெரும்பாலும் குறை மேல்நூலில்தான்: நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே அது உட்கார்ந்திருக்காது. ஃபுட்டைத் தூக்கிவிட்டு முதலிலிருந்து கோத்துப் பாருங்கள்.

காவேரிப்பட்டணம்: மாங்காய்ப் பால் கறை போகுமா?

கறுத்துக் காய்ந்தபின் போகாது. காம்பைக் கிள்ளி, கவிழ்த்துப் பால் வடியவிட்டுப் பையில் போடுங்கள். மாங்காய்க்கென்றே தைப்பதானால் அடர்நிறத் துணி எடுங்கள்.