மசாஜ் கன் வாங்கலாமா? க்ளைம்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மசாஜ் கன் பற்றியவை, அதாவது தலை முன்னும் பின்னும் போய் வந்து தசையைப் படபடவென்று தட்டும் மோட்டார் கைக்கருவி. கேட்டவர்கள் எல்லோரும் க்ளைம்பிங் (பாறையும் செயற்கைச் சுவரும் ஏறுவது) செய்பவர்கள். சிலர் மாலையில் ஜிம் சுவரில் போல்டரிங் (கயிறில்லாமல் தாழ்வாக ஏறுவது) செய்கிறவர்கள், சிலர் நான்கு நாள் லீவு கிடைத்தால் கர்நாடகத்துப் பாறைகளைத் தேடிப் பாதாமிக்கோ ஹம்பிக்கோ கிளம்பிவிடுகிறவர்கள். பதிலுக்குப் போகும் முன் ஒன்று. இந்தக் கருவி தசைக்கு மட்டும்தான். க்ளைம்பர்களை மாதக்கணக்கில் வீட்டில் உட்கார வைக்கும் வலியோ பெரும்பாலும் விரலிலும் முழங்கையிலும் உள்ள டெண்டன்களிலும் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்கள்), விரலில் அவற்றை எலும்போடு ஒட்டிப் பிடிக்கும் புல்லிகளிலும் வருகிறது. ஒரு ஃபிசியோவாக நான் பார்க்கும் தொல்லைகளில் பாதி, இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

ஆன்லைனில் 2,000 ரூபாய்க்கும் மசாஜ் கன் இருக்கிறது, 50,000 ரூபாய்க்கும் இருக்கிறது. ஒன்றில் 6 ஸ்பீடு, இன்னொன்றில் 30 ஸ்பீடு. எதைப் பார்த்து வாங்குவது?

ஸ்பீடு எத்தனை என்பதை விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு இரண்டு மூன்று ஸ்பீடுக்கு மேல் யாரும் மாற்றுவதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது எடை. ஓட்டக்காரர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. அவர்களுக்குக் களைத்திருப்பது கால், எந்த எடையையும் கை பிடித்துக்கொள்ளும். நமக்குக் களைத்திருப்பதே பிடிக்கிற கைதான். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. ஒரு கிலோவைத் தாண்டும் கருவியைப் பத்து நிமிடம் இறுக்கிப் பிடித்தால், எந்தத் தசைக்கு ஓய்வு கொடுக்க நினைத்தீர்களோ அதற்கே இன்னொரு செட் வேலை கொடுத்துவிடுவீர்கள். இடது முன்கைக்குப் போடும்போது வலது கை பிடிக்கிறது, வலதுக்குப் போடும்போது இடது. ஆக இரண்டுக்கும் ஓய்வு இல்லை. அரைக் கிலோ அளவில் வரும் சின்ன மாடல்களையே க்ளைம்பர்களுக்கு நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது, தலை முன்னும் பின்னும் எத்தனை மில்லிமீட்டர் போய் வருகிறது என்பது. தெரகன் என்ற பிராண்டின் ப்ரோ மாடலில் இது 16 மி.மீ., அதே கம்பெனியின் மினியில் 12 மி.மீ. தொடை, பிட்டம் மாதிரி தடித்த தசைகளுக்கு 16 நன்றாக இருக்கும். முன்கையில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே அவ்வளவு சதை கிடையாது. 10 முதல் 12 போதும். விளம்பரத்தில் நிமிடத்துக்கு இத்தனை முறை தட்டும் என்று மட்டும் போட்டு, மில்லிமீட்டரைப் பற்றி மூச்சே விடவில்லை என்றால் அதை வாங்காதீர்கள். அப்படிப்பட்டவற்றில் பல, தோலை அதிர வைப்பதோடு சரி.

அப்புறம் ஸ்டால் ஃபோர்ஸ். எவ்வளவு அழுத்தினால் மோட்டார் திணறி நிற்கும் என்பதன் கணக்கு இது. தெரகன் ப்ரோவுக்கு 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ. மினிக்கு 20 பவுண்டு, சுமார் 9 கிலோ. முன்கைக்கு 9 கிலோவே தாராளம். அந்த அளவுக்கு யாரும் அங்கே அழுத்தவும் கூடாது. கருவி வீட்டுக்கு வந்ததும் தொடையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பாருங்கள். லேசாக அழுத்தும்போதே சத்தம் மாறி வேகம் இறங்கினால், ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள். கடைக்குப் போய் வாங்குவதானால் ஆன் செய்து, பழக்கமில்லாத கையில் இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். விரல் மரத்தால் அந்த மாடல் வேண்டாம்.

பெட்டியில் எட்டுத் தலை, பத்துத் தலை இருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். மென்மையான உருண்டைத் தலையும் தட்டைத் தலையும் போதும். கூரான புல்லட் தலையை முன்கைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அங்கே நரம்புகள் தசைக்கு நடுவே ஓடுகின்றன.

மரம் அறுக்கும் ஜிக்ஸாவில் மாட்டுகிற மசாஜ் தலை தனியாகக் கிடைக்கிறது. என்னிடம் ஜிக்ஸா இருக்கிறது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடுமே?

யோசனை பழசுதான். அமெரிக்காவில் ஜேசன் வெர்ஸ்லண்ட் என்ற கைரோபிராக்டர் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யும் சிகிச்சையாளர்) 2007இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு, வலியைக் குறைக்க ஒரு பவர் டூலைத் தானே மாற்றியமைத்தார். தெரகனின் ஆரம்பம் அதுதான். ஆனால் கடையில் விற்கிற தெரகன் நிமிடத்துக்கு 2,400 தட்டோடு நின்றுகொள்கிறது. அழுத்தம் அதிகமானால் மோட்டாரும் நின்றுவிடும். ஜிக்ஸா நிமிடத்துக்கு 3,000 வரை போகும். அதன் தண்டு 20 மி.மீ. அளவுக்குப் போய் வரும். பலகையைத் தாண்டிப் போவதற்காகச் செய்த மோட்டார் அது, உங்கள் எலும்புக்காக நிற்காது. வேண்டாம்.

பாதாமியில் ஒரு ரூட் (பாறையில் ஏறும் பாதை) முடித்து இறங்கியதும் முன்கை கல் மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்த ரூட்டுக்கு முன் மசாஜ் கன் போட்டால் லாக்டிக் ஆசிட் கரைந்துவிடும் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?

இல்லை. விடாமல் இறுக்கிப் பிடிக்கும்போது தசைக்குள்ளே அழுத்தம் ஏறி, ரத்தம் உள்ளே போவது தடைபடுகிறது. பிடியை விட்டதும் ரத்தம் பாய்ந்து வந்து முன்கை உப்புகிறது. அதுதான் பம்ப். லாக்டேட்டை (லாக்டிக் ஆசிட் என்று நண்பர் சொல்வது இதைத்தான்) உடம்பே ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அப்புறப்படுத்திவிடும். அதற்குக் கருவி தேவையில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் வருகிற வலிக்கும் லாக்டிக் ஆசிடுக்கும் சம்பந்தம் கிடையாது. அது தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கும்.

ரூட்டுக்கும் ரூட்டுக்கும் நடுவே மெதுவாக நடங்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கி ஐந்து விநாடி உதறுங்கள், தொங்கவிட்டு ஐந்து விநாடி உதறுங்கள், மாற்றி மாற்றிச் செய்யுங்கள். க்ளைம்பிங் பயிற்சியாளர் எரிக் ஹோர்ஸ்ட் ஜி-டாக்ஸ் என்று பெயர் வைத்துப் பரப்பியது இதைத்தான். இறங்கியவுடனே பிலே செய்ய (அடுத்தவர் ஏறும்போது அவருடைய கயிற்றைப் பிடிக்க) போகாமல், முடிந்தால் பத்து நிமிடம் கயிற்றை வேறு யாரிடமாவது கொடுங்கள். மசாஜ் கன் போட்டே ஆக வேண்டும் என்றால் குறைந்த ஸ்பீடில், தட்டைத் தலையோடு, மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து முழங்கையை நோக்கி ஒரு நிமிடம். அழுத்தாதீர்கள், கருவியின் எடையே போதும்.

ஏறுவதற்கு முன்னால் போட்டால் பிடி வலு குறையுமா? வார்ம் அப்புக்குப் பதிலாகப் போடலாமா?

வலு குறையும் என்ற பயம் வேண்டாம். 2020இல் வெளியான ஓர் ஆய்வில் ஹைப்பர்வோல்ட் கருவியை 16 ஆண்களின் கெண்டைக்காலில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்தார்கள். கணுக்கால் சுமார் 5 டிகிரி கூடுதலாக மடங்கியது, தசையின் அதிகபட்ச வலுவில் மாற்றமில்லை. தசையில் முடிச்சு மாதிரிக் கட்டி எதுவும் உடைந்து அப்படி ஆகவில்லை. இழுவையைத் தசை கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். மார்பு, முதுகின் பக்கவாட்டு, முன்கை என்று இடத்துக்கு அரை நிமிடம் போட்டுவிட்டு ஏறலாம்.

வார்ம் அப்புக்கு ஈடாகாது. விரல் புல்லிகள் சுமைக்குத் தயாராவது சுமையை ஏற்றித்தான். பெரிய பிடிகளில் ஆரம்பித்து, படிப்படியாகச் சின்னப் பிடிகளுக்கு வாருங்கள்.

க்ரிம்ப் (விரலை மடக்கி நுனிகளால் சின்ன விளிம்பைப் பிடிப்பது) பிடித்து இழுத்தபோது மோதிர விரலில் டப் என்று சத்தம் கேட்டது. விரலின் அடிப்பாகம் வீங்கியிருக்கிறது. மூன்று நாளாக மசாஜ் கன் போடுகிறேன், குறையவே இல்லை.

இன்றே நிறுத்துங்கள். விரலுக்குள் மசாஜ் செய்வதற்குத் தசையே கிடையாது. அங்கே இருப்பது எலும்பு, டெண்டன், டெண்டனை எலும்போடு ஒட்டிப் பிடித்திருக்கும் புல்லி என்ற பட்டைகள். க்ரிம்ப் பிடியில் அதிகச் சுமை ஏறுவது ஏ2 என்ற புல்லியில், அதுவும் மோதிர விரலில் அடிக்கடி. சத்தம், வீக்கம், அழுத்தினால் அடிப்பாகத்தில் வலி என்று நீங்கள் சொல்வதெல்லாம் அதைத்தான் காட்டுகின்றன.

கை சிறப்பு மருத்துவரிடம் போய் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுங்கள். விரலை எதிர்ப்புக்கு எதிராக மடக்கச் சொல்லி, டெண்டன் எலும்பை விட்டு எவ்வளவு விலகுகிறது என்று அதில் பார்ப்பார்கள். ஒரே புல்லி கிழிந்திருந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. விரலுக்கு வளையம் போட்டு, பிறகு ஃபிசியோவின் மேற்பார்வையில் சுமையை ஏற்றிக்கொண்டே வந்தால் ஆறிவிடும். பல புல்லிகள் ஒன்றாகப் போயிருந்தால் கதை வேறு. அதுவரை ‘இப்போது வலிக்கிறதா பார்க்கலாம்’ என்று வீட்டுக் கதவு நிலையில் தொங்கிப் பார்க்காதீர்கள். இந்த ஆசையால் ஆறிக்கொண்டிருந்த காயத்தைத் திரும்பக் கிளறியவர்களை நிறையப் பார்க்கிறேன்.

மேடம், நான்கு மாதமாக முழங்கையின் உள்பக்க எலும்பில் வலி. அங்கேயே மசாஜ் கன் வைத்தால் இருபது நிமிடம் சுகமாக இருக்கிறது, அப்புறம் திரும்ப வந்துவிடுகிறது. இன்னும் பவரானது வாங்கணுமா?

வேண்டாம். உங்களுக்கு இருப்பது விரலையும் மணிக்கட்டையும் மடக்கும் தசைகள் எலும்பில் ஒட்டுகிற இடத்தில் வரும் டெண்டன் பிரச்சினை போலத் தெரிகிறது. கோல்ஃபர்ஸ் எல்போ என்பார்கள். கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காத க்ளைம்பர்களுக்கும் வரும். அதிர்வு வலி உணர்வைக் கொஞ்ச நேரம் மழுங்கடிக்கிறது. அந்த இருபது நிமிடத்தில் நீங்கள் சுவரேறப் போவதுதான் எனக்குக் கவலை.

டெண்டனுக்கு வேண்டியது அளவான சுமை. முன்கையை மேஜையில் வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே நிற்கட்டும். ஒன்று அல்லது இரண்டு கிலோ டம்பெல். மேலே தூக்க அடுத்த கை உதவட்டும், இறக்குவதை மட்டும் வலிக்கிற கையே நான்கு விநாடி எடுத்துச் செய்யட்டும். பதினைந்து தடவை, மூன்று செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி முன்பைவிடக் கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள். பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். க்ளைம்பிங்கை முழுசாக விட வேண்டியதில்லை. சின்னப் பிடிகளையும் ஓவர்ஹேங்கையும் (நம் பக்கம் சாய்ந்து நிற்கும் சுவர்) குறைத்துக்கொள்ளுங்கள்.

மசாஜ் கன்னைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அந்த எலும்பிலிருந்து மூன்று விரற்கடை மணிக்கட்டுப் பக்கம் தள்ளி, சதைப் பிடிப்பான இடத்தில் மட்டும் ஒரு நிமிடம் போடுங்கள். அந்த எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும், இடித்தால் ஷாக் அடிக்கிற இடம். அல்நார் நரம்பு அதன் வழியாகத்தான் போகிறது. சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் சுருசுருவென்று வந்தால் உடனே எடுத்துவிடுங்கள். கருவி போடாத நேரத்திலும், ராத்திரியிலும் அப்படி வருகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள்.

என் மகனுக்கு 14 வயது, வாரத்தில் ஐந்து நாள் க்ளைம்பிங். நடுவிரலின் நடு மூட்டில் வலி என்கிறான். பிறந்த நாளுக்கு மசாஜ் கன் கேட்கிறான். வாங்கித் தரலாமா?

முதலில் எக்ஸ்ரே எடுங்கள். இந்த வயதில் எலும்பின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு, டெண்டனையும் புல்லியையும்விடப் பலவீனமானது. திரும்பத் திரும்ப க்ரிம்ப் பிடிக்கும்போது அதில் விரிசல் விழலாம். வேகமாக உயரம் கூடும் வயதில், நடுவிரலில், நடு மூட்டின் மேல்பக்கத்தில் வலி என்றால் இந்தச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். கீழே விழுந்திருக்க மாட்டான், சத்தம் கேட்டிருக்காது, வலி மெல்ல வந்து சேர்ந்திருக்கும். அதனால்தான் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சீக்கிரம் கண்டுபிடித்து ஓய்வு கொடுத்தால் நன்றாகச் சேரும். தள்ளிப்போட்டால் விரல் வளர்ச்சியே கோணலாகலாம்.

டாக்டர் சொல்லும்வரை சுவரை விட்டு இறங்கியே இருக்கட்டும். திரும்பப் போகும்போதும் வளர்ச்சி முடியும்வரை கேம்பஸ் போர்டு (காலை வைக்காமல் விரல் பிடியால் மட்டும் ஏறும் பயிற்சிப் பலகை) வேண்டாம் என்று கோச்சிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். பிறந்த நாளுக்கு வேறு ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.

முதுகிலும் தோள்பட்டைக்குப் பின்னாலும்தான் எனக்கு இறுக்கம். சின்ன கன் எட்டவில்லை.

எட்டாது. முதுகின் பக்கவாட்டு வரை சின்ன கன் போகும்; தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம் வேண்டுமானால் முக்கோணக் கைப்பிடி வைத்த பெரிய மாடல் அல்லது நண்பர் ஒருவர் தேவை. நான் டென்னிஸ் பந்தைத்தான் சொல்வேன். பந்தைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவே வைத்துச் சாய்ந்து, முழங்காலை மடக்கி மேலும் கீழும் நகருங்கள். கைக்கு வேலையே இல்லை.

அக்குளுக்குள் மட்டும் எதையும் வைத்து அடிக்காதீர்கள். கைக்குப் போகும் நரம்புக் கற்றையும் பெரிய ரத்தக்குழாயும் அங்கேதான் இருக்கின்றன. கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் அதே மாதிரி விலக்கு. கழுத்தில் தொடர்ந்து மசாஜ் கன் போட்டவருக்கு ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்ததாக மருத்துவ இதழில் வந்திருக்கிறது.

அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். கால் வலிக்கு என் மசாஜ் கன்னைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்ன அடியும் உள்ளே ரத்தக்கசிவாகலாம். சர்க்கரையால் காலில் உணர்வு குறைந்திருந்தால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். அதைத் தட்டவே கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஒரே இடத்தில் வெகுநேரம், பலமாகப் போடாதீர்கள். மசாஜ் கன்னால் தசை சிதைந்து ராப்டோமயோலிசிஸ் வந்த ஓர் இளம்பெண்ணைப் பற்றியும் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. போட்ட பிறகு தசை கடுமையாக வலித்து, சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போனால் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும்.

விமானத்தில் கொண்டுபோகலாமா?

பேட்டரி 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் கைப்பையில் கொண்டுபோகலாம். வோல்ட்டை மில்லி ஆம்பியர்-ஹவரால் பெருக்கி 1,000ஆல் வகுங்கள். 22.2 வோல்ட், 2,500 என்று போட்டிருந்தால் 55.5 வருகிறது, பிரச்சினையில்லை. கழற்றக்கூடிய உபரி பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. தலையைக் கழற்றி வைத்துவிட்டால் பைக்குள் தானாக ஆன் ஆனாலும் எதையும் இடிக்காது.