80-இலிருந்து 30-க்கு ஒரே பலகையில் இறங்கும் சாலை: பதில்

வணக்கம். மணிக்கு 80 கி.மீ. வரம்புள்ள நெடுஞ்சாலை உங்கள் குடியிருப்புக்குள் நுழையுமிடத்தில் 30 என்று பலகை நட்டும் எவரும் வேகத்தைக் குறைப்பதில்லை, அதை 20 ஆக்கும்படி மனுக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எண்ணைக் குறைப்பதால் மட்டும் பயன் இராது.

80-இல் வரும் வாகனம் நொடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் பலகையைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் முதல் வீடுகளைத் தாண்டியிருப்பார். நெடுநேரம் வேகமாக ஓட்டியவருக்கு 50 கூட ஊர்வதுபோலத்தான் தோன்றும். ஆகவே 60, 40, 30 எனப் படிப்படியாக இறங்குமாறு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறையும் அளவுக்கு இடைவெளி விட்டு, சாலையின் இருபுறமும் பலகைகள் வைக்கக் கோருங்கள்.

கூடவே வேக அளவீட்டையும் கேளுங்கள். நூற்றுக்கு 85 வாகனங்கள் எந்த வேகத்துக்குள் செல்கின்றன என்று பொறியாளர்கள் பார்ப்பார்கள். அதைக் காட்டியே வரம்பை உயர்த்தச் சொல்பவர்களும் உண்டு (எனக்கு அது உடன்பாடில்லை). மனித உடல் தாங்கக்கூடிய மோதலை வைத்தே வரம்பு அமைய வேண்டும் என்பதுதான் 1997-இல் சுவீடன் ஏற்ற கொள்கை. அளவீடு 60-ஐ ஒட்டி வந்தால் சாலையின் அமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும்: நுழைவாயிலில் நடுத்திட்டு, குறுகிய தடம், உள்ளே நடப்பவர்கள் சாலையைக் கடக்க மேடாக்கிய இடம். அந்த மேட்டை மட்டும் 40 பலகைக்கு முன்னால் அமைக்க விடாதீர்கள். வேகத்தோடு வரும் இருசக்கர வாகனங்கள் கவிழும்.